இருவாச்சி வளர்த்த நத்தை

ஒரு காட்டில், மேகம் இறங்கி இளைப்பாறிப் போகும் உயரத்தில், ஒரு பெரிய நாங்கு மரம் இருந்தது. அதன் பொந்தில் வெண்கண்ணி என்ற இருவாச்சிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா பிள்ளைகளே? முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய், மண்ணையும் பழச் சக்கையையும் குழைத்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் விடும். அந்தக் கீறல் வழியாக ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளுக்குச் சிறகும் உதிர்ந்துவிடும். கதவு போனால் பறந்து தப்பவும் முடியாது.

வெண்கண்ணியின் கணவன் செங்கண்ணன் நல்ல உழைப்பாளி. ஒரே ஒரு குறை, எதைப் பார்த்தாலும் வாயைப் பிளந்துவிடுவான். வியந்ததை வீட்டுக்குக் கொண்டுவராமலும் விடமாட்டான்.

ஒரு நாள் அத்திப்பழம் தேடிப் போனவன், எஸ்டேட் பங்களாவின் குப்பைமேட்டில் ஒரு நத்தையைக் கண்டான். நத்தையா அது? ஒரு பெரிய மாங்காய் அளவு இருந்தது. ஓட்டில் காவியும் கறுப்புமாகக் கோடுகள் சுழன்று சுழன்று ஏறி, உச்சியில் ஒரு புள்ளியில் போய் முடிந்தன. ஓட்டின் வாயை வெள்ளைச் சவ்வு ஒன்று இறுக மூடியிருந்தது. செங்கண்ணன் வாயைப் பிளந்தபடி அதைச் சுற்றி வந்தான்.

"உள்ளேயிருந்தே வாசலைப் பூசியிருக்கே," என்றான் கடைசியில். "இதுவும் நம்ம வீட்டுப் பெண்கள் மாதிரி அடைகாக்குது போல. பாவம், ஊட்ட ஆள் இல்லை."

மெல்ல அலகால் கவ்வி வந்து, தன் மரத்தடியில் வேர் இடுக்கில் வைத்தான். தினமும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். காட்டில் உள்ளவர்கள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். மிளா மான்கூடத் தலையைத் தாழ்த்தி முகர்ந்துவிட்டு, ஓசைப்படாமல் பின்வாங்கியது. செங்கண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மலையணில் மட்டும் கேட்டது: "அண்ணே, இது என்ன தின்னும்?"

"ஒண்ணும் தின்னாது. ஒரு மாசமா வாயே திறக்கலை. இவ்வளவு சாதுவான உயிரை நீ பார்த்திருக்கியா?"

"திறந்தா?"

"உனக்கு எதிலும் ஒரு நொட்டை சொல்லணும்," என்று செங்கண்ணன் பறந்துவிட்டான்.

சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை பழத்தோடு திரும்பிய செங்கண்ணன் வேரடியில் பார்த்தான். வெள்ளைச் சவ்வு கிழிந்து கிடந்தது. அங்கிருந்து மரத்தின் மேலே ஒரு பளபளப்பான தடம் பொந்து வரைக்கும் போயிருந்தது.

அங்கே வாசலில் ஒட்டிக்கொண்டு நத்தை கறுக் கறுக்கென்று மென்றுகொண்டிருந்தது. கதவில் பாதியைக் காணோம். வெண்கண்ணிக்குப் பின்னால், புதிதாகப் பொரித்த, இறகு முளைக்காத குஞ்சு நடுங்குவது வெளியே தெரிந்தது.

"நீ தின்னுறது என் வீட்டுக் கதவு," என்றான் செங்கண்ணன்.

நத்தை கொம்பை நீட்டி நிதானமாகச் சொன்னது: "அப்படியா? எனக்குத் தெரியாது. ஓடு வளர மண்ணும் சுண்ணாம்பும் வேணும். நாலு மாசப் பசி. பங்களாக்காரரும் என்னைக் கண்ணாடித் தொட்டியில வெச்சு உன்னை மாதிரித்தான் வியந்தார். வீட்டுச் சுவரைச் சுரண்டினதும் தூக்கி எறிஞ்சுட்டார்."

அப்போது கீழே பட்டை உரசும் சத்தம் கேட்டது. தினமும் அந்தக் கீறலை நோட்டம் விட்டுப் போகும் உடும்பு, இன்று வாசல் பெரிதாகத் திறந்திருப்பதைக் கண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"வெண்கண்ணி, நான் என்ன செய்வேன்?" என்று கலங்கினான் செங்கண்ணன்.

"கலங்குறதுக்கு நேரமில்லைங்க. கதவைத் தின்னதையே கதவாக்குங்க. அதை இந்த ஓட்டையில திணிங்க, நான் உள்ளேயிருந்து பிடிச்சுக்கிறேன்."

செங்கண்ணன் நத்தையைப் பிடுங்கித் திணித்தான். பயந்துபோன நத்தை உடம்பை உள்ளே இழுத்துக்கொள்ள, ஓடு வாசலில் கச்சிதமாக உட்கார்ந்தது. உடும்பு வந்து நகத்தால் பிறாண்டியது. ஓடு அசையவில்லை. மழையில் நத்தையின் தடம் முழுக்க வழவழத்தது. பேர்பெற்ற உடும்புப் பிடியும் அன்றைக்கு நழுவ, அது தொப்பென்று சேற்றில் விழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனது.

செங்கண்ணன் ஓடைக்கும் மரத்துக்குமாகப் பறந்து மண் கொண்டுவந்தான். வெண்கண்ணி சுற்றிலும் பூசி, நத்தையை வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தையும் அடைத்தாள். பழையபடி கீறல் மட்டும் மிஞ்சியது.

நத்தையை வேரடியில் இறக்கியபோது செங்கண்ணன் அங்கே முட்டைகளைக் கண்டான். ஈர மண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று, எல்லாம் அந்த ஒரே நத்தை இட்டவை. மலையணில் இருநூறு வரை எண்ணிவிட்டுக் கைவிட்டது.

செங்கண்ணனின் கண்கள் விரிந்தன. 'எவ்வளவு அழகு' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டான்: "இதெல்லாம் பொரிச்சு வந்தா என்ன தின்னும்?"

"எல்லாத்தையும்," என்றது நத்தை.

செங்கண்ணன் நத்தையைக் கொண்டுபோய்ப் பங்களா வாசலிலேயே வைத்துவிட்டு வந்தான். அன்று பொழுது சாயும் வரை, கீறல் வழியாக வெண்கண்ணிக்கு அத்திப்பழம் வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நத்தை முட்டைகள்தான் இரையாக வந்தன.

நீதி: அதிசயமாக இருக்கிறதே என்று எந்த உயிரையும் வீட்டுக்குக் கொண்டுவராதே; முதலில் அதன் பசியைக் கேட்டுத் தெரிந்துகொள்.