சுவரில் இல்லாத அட்டை

பள்ளிக்கூடங்களுக்கு டாக்டர் வரத் தொடங்கிய புதிது. பள்ளியைப் பெருக்கும் காத்தாயியின் மகளுக்குக் கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரியாது. தப்பாக எழுதித் தினமும் பிரம்படி வாங்கினாள். பள்ளிக்கு வந்த டாக்டரிடம் காத்தாயி முறையிட்டாள்.

“கண் சோதனை அட்டையிலிருந்த எழுத்தெல்லாம் படிச்சாளே. பார்வை நல்லாத்தான் இருக்கு, சோம்பேறி. இல்லேன்னா நிரூபிச்சுக் காட்டு” என்றார் டாக்டர் ரங்கபாஷ்யம், நிமிர்ந்தும் பாராமல்.

அந்த எழுத்துகளை வாத்தியார் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி உருப்போட வைத்தது காத்தாயிக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளியைப் பார்க்க வந்த முனிசிபல் சேர்மன் முன்னால் மறுபடி சோதனை நடந்தது. பிள்ளைகள் மடமடவென்று ஒப்பித்தார்கள். காத்தாயியின் மகளும் ஒப்பித்தாள். குனிந்த தலை நிமிராமல் டாக்டர் “பார்வை நன்று” என்று எழுதிக்கொண்டே போனார்.

சேர்மன் சுவரைப் பார்த்தார். வெறும் ஆணிதான் இருந்தது.

காத்தாயி கண் சோதனை அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

“காலையிலேயே கழட்டிட்டேன் எசமான். எம் மவ கண்ணை அப்புறம் பார்க்கலாம். மொதல்ல டாக்டரய்யா கண்ணைச் சோதிங்க.”