தீயிடம் கேட்ட செம்போத்து

அந்தக் காலத்தில் வாய் இல்லாதது என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. மான் பேசும், முயல் பேசும், ஆமை நிறுத்தி நிதானமாகப் பேசும், ஓடைத் தண்ணீர் வாய் ஓயாமல் பேசும். தீ ஒன்றுதான் ஊமை. என்ன கேட்டாலும் பதில் சொல்லாது, செய்துதான் காட்டும். அதனால் யாரும் அதனிடம் ஒன்றும் கேட்டதில்லை. கண்டவுடன் ஓடினார்கள், அவ்வளவுதான்.

செம்போத்துக்கும் அப்போது அந்தப் பெயர் இல்லை. உச்சி முதல் வால் வரை கன்னங்கரேல் என்றுதான் இருந்தது, கண்கூடக் கறுப்பு. பேச்சுக்கு நாம் செம்போத்து என்றே வைத்துக்கொள்வோம். மலை என்றும் சொல்ல முடியாத, மேடு என்றும் சொல்ல முடியாத ஒரு புல்லுக் கரட்டின் நடுச்சரிவில், இலந்தைப் புதருக்குள் அது கூடு கட்டியிருந்தது. அவ்வளவு கறுப்பான பறவைக்கு வெள்ளையம்மா என்று பெயர். வைத்தவர் யாரோ, நல்ல குசும்பு பிடித்தவர். அவள் புருஷன் தவசி. அவனுக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி, ஆனால் பெண்டாட்டி என்றால் உயிர்.

வருஷா வருஷம் பங்குனியில் கோடை இடி விழும். கரட்டின் அடிவாரத்தில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். அங்கே இருந்த சீவராசிகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வழக்கம்தான்: உச்சிப் பாறைக்கு ஓடுவது. கொம்பையா என்ற கடமான்தான் கரட்டுக்கு அம்பலம், அதாவது நாட்டாமை. அவர் முன்னால் போவார், மற்றவர்கள் பின்னால் போவார்கள். அம்பலத்தை முந்திக்கொண்டு ஒருவர் ஓடக் கூடாது, உயிரே போனாலும் கூடாது. பல பேருக்கு உயிர் போகவும் செய்தது. தீ பின்னாலேயே ஓடிவந்து நாலு பேரையாவது எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பவர்கள் ‘விதி’ என்று மூக்கைச் சிந்திவிட்டு, மறு வருஷமும் மேலேயேதான் ஓடுவார்கள்.

பறவைதானே, பறந்து போய்விட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வருஷம் வெள்ளையம்மாவும் தவசியும் பறந்துதான் போனார்கள். முட்டைக்கு எங்கே சிறகு இருக்கிறது? திரும்பி வந்தபோது புதர் இருந்த இடத்தில் சாம்பல் கிடந்தது. சாம்பலுக்குள் வெடித்த ஓடுகள் மூன்று கிடந்தன. தவசி தேம்பித் தேம்பி அழுதான். வெள்ளையம்மாவுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போல இருந்தது, ஆனாலும் அழுகை வரவில்லை. ஒரு ஓட்டை அலகால் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இந்தத் தீ எப்பிடி வருது, எப்பிடிப் போகுதுன்னு தெரியாம இன்னொரு முட்டை வைக்க மாட்டேன்” என்றாள்.

“யாருகிட்டப் போயிக் கேப்ப?”

“தீக்கிட்டத்தான்.”

“அதுக்குத்தான் வாயே கிடையாதே புள்ள!”

“செஞ்சு காட்டுமில்ல. நான் பாத்துக்கிறேன்.”

வறண்ட ஓடையின் நடுவில், இடி விழுந்து பட்டுப்போன ஊசிலை மரம் ஒன்று உள்ளுக்குள் கனன்றுகொண்டே நின்றது. சுற்றிலும் மணல், தீ தப்பிப் போக வழியில்லை. வெள்ளையம்மா அங்கே போய் உட்கார்ந்தாள். ஒரு சுள்ளியின் நுனியைக் கங்கில் காட்டிப் பற்றவைத்து, எரிகிற நுனி கீழே இருக்கும்படி அலகில் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் தீ சரசரவென்று ஏறி மூக்கைச் சுட்டது. அடி ஆத்தா என்று துப்பினாள். அடுத்த சுள்ளியை மணலில் ஊன்றி, உச்சியில் பற்றவைத்தாள். இப்போது தீ அசைந்து அசைந்து, போகவா வேண்டாமா என்று இறங்கியது. ஒரு தடவை நடந்தால் தற்செயலாக இருக்கும் என்று பத்துத் தடவை செய்து பார்த்தாள். பெரிய சுள்ளி, சின்னச் சுள்ளி, காற்றில், காற்று இல்லாமல் என்று மாற்றி மாற்றிச் செய்தாள். பத்துத் தடவையும் தீ ஒரே பதிலைத்தான் சொன்னது: ஏறும்போது அதற்கு அவசரம், இறங்கும்போது சோம்பல்.

சாயங்காலம் மூக்கு வீங்கி வந்தவளைப் பார்த்துத் தவசி சிரித்தான். “என்ன சொல்லுச்சு உன் வாத்தியாரு?”

“நம்ம எல்லாரும் அது அவசரமாப் போற பக்கம்தான் ஓடிக்கிட்டிருக்கோம்னு சொல்லுச்சுங்க.”

அவன் சிரிப்பு பட்டென்று நின்றுபோனது.

மறுநாள் ஒரு பாறை இடுக்கில் பச்சைத் தழையைப் போட்டுப் புகைய விட்டாள். நிமிர்ந்து நின்றால் இருமல் குடலைப் பிடுங்கியது. தலையைத் தரையோடு தாழ்த்தினால் குளுகுளுவென்று மூச்சு கிடைத்தது. அதற்கப்புறம் புல்லை வரிசையாகப் பரப்பி, நடுவில் வெறும் மணல் விட்டுப் பார்த்தாள். மணலைத் தாண்டத் தீக்குத் தெரியவில்லை. கடைசியில், எரிந்து கருகிய இடத்துக்கே திரும்பவும் தீயைக் கொண்டுபோனாள். அங்கே அது நாக்கை நீட்டிப் பார்த்தது, ஒன்றும் அகப்படாமல் அப்படியே செத்துப்போனது. வெள்ளையம்மாவுக்குக் குதிக்கலாம் போல இருந்தது, குதிக்கவும் குதித்தாள். மழை இறங்கும் வரைக்கும் இதே வேலைதான். புகையிலேயே கிடந்து கிடந்து கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டது.

ஊர் சும்மா இருக்குமா? தீக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று முயல்கள் அவள் முதுகுக்குப் பின்னால் சிரித்தன. அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குழியில் எல்லாரும் கூடியிருந்த நாளாகப் பார்த்துக் தான் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் சொன்னாள்.

“தீ ஒரு தடவை தின்ன இலையில ரெண்டாம் பந்திக்கு உக்காராதுய்யா. அது வர்றதுக்குள்ள நம்மளே கொஞ்சம் புல்லை எரிச்சு வச்சிட்டா, அந்தக் கருப்புல நின்னுக்கலாம். மேல மட்டும் ஓடக் கூடாது.”

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏத்தா, கரட்டுல தீய வைக்கச் சொல்றியா? எங்கப்பாரு மேலதான் ஓடுனாரு, நானும் மேலதான் ஓடுவேன்.”

“உங்கப்பாரு இப்ப எங்கய்யா?”

கொம்பையாவின் அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலே ஓடியவர், இறங்கி வரவே இல்லை. சொன்ன பிறகு வெள்ளையம்மாவுக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதில் தப்பு இல்லையே!

“அடிச்சுத் துரத்திருவேன்” என்றார் கொம்பையா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. “ஒரு பொறி கொண்டுவந்தாலும் இந்தக் கரட்டுல உனக்கு இடம் கிடையாது.”

மாசிக் கடைசியில் வெள்ளையம்மா மூன்று முட்டை வைத்தாள். இந்தத் தடவை பயந்துகொண்டு வைக்கவில்லை. புதரைச் சுற்றி மூன்று முழ அகலத்துக்கு ஒரு வளையமாகப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். பக்கத்தில் குடியிருந்த காத்தாயி என்ற கட்டாமை பச்சைப் புல்லையெல்லாம் மேய்ந்து கொடுத்தாள். வேலையும் ஆயிற்று, வயிறும் நிறைந்தது. தரை வெறும் மண்ணாகத் தெரிந்தது.

“இது போதுமா வெள்ளை?” என்று கேட்டாள் காத்தாயி.

“சோம்பேறித் தீக்குப் போதும் மதினி. ஓடிவர்ற தீக்குப் போதாது. அதுக்கு வேற வச்சிருக்கேன்.”

பங்குனி பதினெட்டோ பத்தொன்பதோ, சரியான உச்சி வேளை. காற்று கீழிருந்து மேலே அடித்துக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் ஒரு இடி விழுந்தது, ஒரு சொட்டு மழை இல்லை. சற்று நேரத்தில் புல் படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டது. தவசி கூட்டுக்குள் முட்டை மேல் உட்கார்ந்திருந்தான்.

“நான் ஒரு கங்கு எடுத்துட்டு வர்றேன். நீங்க பறந்துறாதீங்க” என்றாள்.

தவசி அவள் கண்ணைப் பார்த்தான், அந்தச் சிவந்த கண்ணில் பயம் இல்லை. “வெளிய நீ பாத்துக்க. உள்ள நான் பாத்துக்கிறேன்” என்றான்.

அவள் தீயின் விளிம்புக்கே பறந்து இறங்கி, எரிகிற சுள்ளி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தாள். அதை எரிகிற பக்கம் மேலாக இருக்கும்படி, வளையத்து மண்ணில் ஊன்றி வைத்தாள். அப்போதுதானே மெதுவாக எரியும்! அதற்குள் கொம்பையா புதரை நெருங்கிவிட்டார். பின்னால் மான், முயல், பன்றி, முள்ளம்பன்றி என்று கரடு முழுக்க ஓடிவந்தது. வழக்கப்படி ஒருவரும் அவரை முந்தவில்லை. மேலே ஓர் உயிர்கூட இல்லை என்று வெள்ளையம்மா ஒரு தடவை நன்றாகப் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டாள். பிறகு குடுகுடுவென்று நடந்து பாதையில் குறுக்கே போய் நின்றாள்.

“கூக்! கூக்! நில்லுங்க, நில்லுங்க!”

“குறுக்க வராத, போ அங்கிட்டு!” கொம்பையா கொம்பைத் தாழ்த்தினார்.

“உச்சியப் பாருங்கய்யா. உங்களுக்கு முன்னாடி புகை போயி உக்காந்திருக்கு. அங்க மூச்சு விட முடியாது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். உச்சிப் பாறையைக் காணவே இல்லை, புகைதான் இருந்தது. அவர் கால் ஒரு நிமிஷம் தயங்கியது. கூட்டத்தில் எங்கோ அகப்பட்டிருந்த காத்தாயி ஊர்ந்து ஊர்ந்து வளையத்துக்குள் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு ஓடக் காலு கிடையாது. நான் இவகூட இருக்கேன்” என்றாள்.

வெள்ளையம்மா சுள்ளியைக் கவ்வினாள். வளையத்துக்கு மேல்புறம் காய்ந்த புல் நின்றது. இதற்குக் கொஞ்சம் கீழேதான் அவளுடைய மூன்று முட்டையும் புருஷனும். கணக்குத் தப்பினால் தன் குஞ்சுகளுக்குத் தானே கொள்ளி வைத்தவள் ஆகிவிடுவாள். ஓடைமணலில் பத்துப் பத்துத் தடவை பார்த்ததை நினைத்துக்கொண்டாள். சுள்ளியைப் புல்லில் வைத்தாள்.

தீ ஒரு கணம் முனகியது. பிறகு காற்று தூக்கிவிட, சரிவில் மேல்நோக்கிப் பாய்ந்து ஓடிவிட்டது.

“பாவி! கீழ ஒன்னு போதாதுன்னு மேலயும் ஒன்னு வச்சிட்டியே!” என்று கொம்பையா அலறினார். முயல்கள் ஒப்பாரி வைத்தன. வெள்ளையம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை. மேலே போன தீ தனக்குப் பின்னால் கருப்புத் தரையை விரித்துக்கொண்டே போயிற்று. “கருப்புக்குப் போங்க! சுடும், ஆனா சாகடிக்காது. போயிப் படுத்து மூக்கைத் தரையில வைங்க!” என்று கத்தினாள். அம்பலம் முதல் அடி வைத்தால்தானே மற்றவர்கள் வைப்பார்கள்? கொம்பையா வெள்ளையம்மாவைப் பார்த்தார், கருப்பைப் பார்த்தார். அப்பாவை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு கருப்பில் இறங்கி, பெரிய உடம்பை மடக்கிப் படுத்தார். கரடே அவர் பின்னால் இறங்கிப் படுத்தது.

அவள் வைத்த தீயில் ஒரு பங்கு மேலே போகாமல் கீழ்நோக்கியும் இறங்கியது, சோம்பேறித் தீ. புதர் வளையத்துக்கு வந்தது, மண்ணைத் தாண்டத் தெரியாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, புதரைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. வெள்ளையம்மா நினைத்தது அப்படியே நடந்தது. ஆனால் நினைக்காத ஒன்றும் நடந்தது. கீழிருந்து வந்த பெருந்தீ பொறியை அள்ளி வீசியது. ஒரு பொறி இலந்தைப் புதரின் மேல் விழுந்தது, அப்புறம் இன்னொன்று விழுந்தது.

இதற்கு ஓடைமணலில் அவள் கேள்வி கேட்டிருக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. பாய்ந்து போய்ப் புதரின் மேல் சிறகை விரித்து, விழுந்த பொறியை அடித்து அடித்து அணைத்தாள். இந்தப் பக்கம் அணைத்தால் அந்தப் பக்கம் விழும். சிறகு தீய்கிற வாடை உள்ளே தவசிக்கு வந்தது. “வெள்ளையம்மா!” என்று கதறினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் முட்டைக்குச் சூடு தாங்காது.

அப்போது கீழே இரண்டு தீயும் நேருக்கு நேர் வந்தன. பெருந்தீ ஆள் உயரத்துக்கு எழும்பி நின்று பார்த்தது. முன்னால் வெறும் கருப்பு, தின்ன ஒரு தாள் புல் இல்லை. சுருங்கியது, புகைந்தது, அணைந்தது. ஓடையில் தண்ணீர் இருந்திருந்தால் அதுகூட அந்த நேரம் வாயை மூடியிருக்கும், அப்படி ஒரு அமைதி.

எழுந்து பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை. அந்தக் கரட்டில் பங்குனித் தீ ஒருவரையும் எடுக்காமல் போனது அதுதான் முதல் தடவை. தவசி தலையை நீட்டினான். வெள்ளையம்மாவின் சிறகு இரண்டும் சுட்ட செங்கல் நிறத்தில் இருந்தன. “மூணும் இருக்கு புள்ள” என்றான். போன வருஷம் வராத அழுகையெல்லாம் அவளுக்கு அப்போது வந்தது.

கொம்பையா வந்து தலையைத் தாழ்த்தி நின்றார், இந்தத் தடவை முட்டுவதற்காக இல்லை. “இனி நீ குறுக்க வந்தா, நாங்க நின்னுதான் போவோம் தாயி” என்றார்.

தீய்ந்த சிறகு அப்புறம் கறுக்கவே இல்லை, உயரப் பறக்கவும் அது ஒத்துழைக்கவில்லை. அந்த வாரமே பொரிந்த மூன்று குஞ்சுகளுக்கும் முளைத்த சிறகு அதே நிறத்தில்தான் முளைத்தது, கண்ணும் அம்மாவுக்குப் போலவே சிவப்புதான்.

அன்று முதல்தான் செம்போத்துக்குச் சிறகும் கண்ணும் சிவப்பு. அன்று முதல்தான் அது புதருக்கடியில் தரையோடு தரையாக நடக்கிறது, ஆண் கூட்டுக்குள் முட்டையை விட்டு எழுந்திருப்பதில்லை. இன்றைக்கும் நாம் ஒரு காரியமாகக் கிளம்பும்போது செம்போத்து குறுக்கே நடந்துபோனால், சகுனம் நல்ல சகுனம் என்று ஒரு நிமிஷம் நின்றுதான் போகிறோம்.