மலைக்கு அப்பால் விழாத பந்து

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் எல்லோருக்கும் பேஸ்பால் பைத்தியம் பிடித்திருந்தது. விளாங்காய்தான் பந்து. கரடி அதை எறியும். எதிரே நிற்பவர் தேக்குக் கட்டையால் ஓங்கி அடிக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளே, அடிப்பவர்களைவிட, புல்மேட்டில் உட்கார்ந்து வாயளப்பவர்கள்தான் அங்கே அதிகம்.

ஒரு நாள் காகம் மூச்சிரைக்கப் பறந்து வந்தது. ஊர்ச்செய்தி கிடைத்துவிட்டால் அதற்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"சேதி தெரியுமா? பக்கத்துக் காட்டிலேருந்து வேழன்னு ஒரு யானைக்குட்டி நம்ம அணிக்கு வர்றானாம். நாளைக்குக் காலையில அடிச்சுக் காட்டப் போறான். அவன் அடிச்சா பந்து மைதானத்துக் கோடியில இருக்கிற அந்தக் கறையான் புற்றைத் தாண்டிப் போகுமாம்!"

"வெறும் புற்றா? என்ன பேச்சுப் பேசுற!" என்றது நரி. கதை விடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. "யானைப் பிள்ளை அடிச்சா ஓடையையே தாண்டும்."

"மலையையே தாண்டும்!" என்று துள்ளியது முயல். அதற்கு எதிலும் அவசரம்.

"அப்படின்னா இங்கே உட்கார்ந்து என்ன பண்றது? பந்து விழற இடத்துல இருந்தாத்தானே முதல்ல எடுக்கலாம்!" என்றது நரி.

அவ்வளவுதான். நான் முந்தி, நீ முந்தி என்று இடம் பிடிக்கக் கிளம்பினார்கள். விடிவதற்குள் காடே மலைக்கு அப்பால் போய், வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தபடி உட்கார்ந்துவிட்டது.

ஆமையும் கிளம்பத்தான் செய்தது. பாவம், விடியும்போது அது மைதானத்தின் ஓரத்தைக்கூடத் தாண்டவில்லை.

வேழன் வந்தான். காதெல்லாம் கழுவி, நெற்றியில் செம்மண் பூசி, அம்மா அனுப்பி வைத்திருந்தாள். தும்பிக்கையில் கட்டையைப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தான். புல்மேடு காலியாகக் கிடந்தது.

"கரடி மாமா, என்னைப் பார்க்க யாருமே வரலையா?"

அப்போதுதான் தூங்கி எழுந்து வந்த கரடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடரியைச் சொறிந்தது.

குட்டியின் கண் நிறைந்துவிட்டது. "நான் வந்தது யாருக்கும் பிடிக்கல போல. நான் அம்மாகிட்டயே போயிடறேன்" என்று கட்டையைக் கீழே போட்டான்.

"அட, நான் இருக்கேனே!"

புல்லுக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டியது. "ஒரே ஒரு அடி அடிச்சுக் காட்டேன் தம்பி. பார்க்கணும்னு ஆசையா இருக்கு."

"பந்து தூரமா போகலைன்னா, அக்கா?"

"போகலைன்னா என்ன? நானும்தான் தூரமா போகல."

அழுகையோடு அழுகையாக வேழனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டையை எடுத்தான். கரடி எறிந்தது. முதல் பந்து தப்பியது. அடுத்ததும் தப்பியது. அதற்கடுத்தது கட்டையின் நுனியில் பட்டு, தத்தித் தத்தி உருண்டு, ஆமையின் மூக்கருகே வந்து நின்றது.

"என்கிட்டயே வந்துட்டுதே!" ஆமைக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னொண்ணு அடி! இன்னொண்ணு!"

அந்த ஒரு குரலுக்காகவே குட்டி களைத்துப்போகும்வரை அடித்தான். கடைசிப் பந்து புற்றை லேசாகத் தொட்டது.

சாயங்காலம் எல்லோரும் கழுத்து வலியோடு திரும்பி வந்தார்கள்.

"ஒரு பந்துகூட வரல! சுத்த ஏமாத்து!" என்று நரி பொரிந்தது.

"எல்லாம் வந்துது. என் பக்கத்துல வந்துது" என்றது ஆமை. "பிள்ளை வந்ததும் உங்களைத்தான் தேடினான். யாரையும் காணாம, கட்டையைப் போட்டுட்டு வீட்டுக்கே கிளம்பப் பார்த்தான், தெரியுமா?"

கரடியின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த குட்டியை எல்லோரும் பார்த்தார்கள். அவன் எவ்வளவு சின்னப் பிள்ளை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாளிலிருந்து காடே புல்மேட்டில் வந்து உட்கார்ந்தது. பந்து பக்கத்தில் விழுந்தாலும் ஆரவாரம் செய்தது, தப்பினாலும் "பரவாயில்லடா கண்ணு!" என்றது.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. ஒரு காலையில் வேழன் அடித்த பந்து புற்றைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மலையையும் தாண்டிப் போய் விழுந்தது. அங்கே அதை எடுக்க ஓர் ஆள் இல்லை. எல்லோரும் வேழனின் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

நீதி: வளரும் பிள்ளை என்றோ எட்டப்போகும் இடத்தில் போய்க் காத்திருக்காதீர்கள், இன்று அவன் நிற்கும் இடத்தில் அவனோடு இருங்கள்.