முதல் தாம்பூலம் யாருக்கு?

தீர்ப்பு சொல்ல வேண்டியது நீங்கள். திட்டுவது மட்டும் என் பாகம், ஏனென்றால் அந்த லாட்ஜில் ஒரு ராத்திரி கிடந்தவன் நான். திட்டினாலும் இன்றைக்குத் திருச்செந்தூர் போனால் அங்கேதான் தங்குவேன். ஏன் என்பது கேட்டால் புரியும்.

கோவில்பட்டிச் செண்பகவல்லி கணவனை இழந்தவள். ஒரே மகன் கதிரவனுக்குத் திருச்செந்தூர்க் கோயிலில் கல்யாணம். அவளுடைய அண்ணன் சங்கரபாண்டி, தாய்மாமனாக எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாத்தியதையில் நானும் ஒட்டிக்கொண்டேன். முகூர்த்த நாளாகையால் எங்கும் ரூம் கிடைக்கவில்லை. கடைசியில் அகப்பட்டது மலிவான ஒரு லாட்ஜ். "கடல் காத்து பிச்சிக்கிட்டு வரும்" என்று போனில் அளந்தார் மேனேஜர் ஆறுமுகநயினார். போய் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மூக்கில் இடிக்கிறது. பெய்த மழைக்குக் கூரை ஒழுகி மெத்தை ஊறிக் கிடந்தது. பீரோவுக்குப் பூட்டு இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் பேருக்குத்தான். சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் ஒன்றுதான் அந்த ரூமிலேயே உருப்படியான பொருள்.

செண்பகவல்லி சண்டை பிடிக்கக் கீழே போனாள். சங்கரபாண்டி கையில் மஞ்சள் துணியில் முடிந்த தாலி. பூட்டில்லாத பீரோவுக்கு முருகன் மேல் என்று அதைப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மாலை வாங்கக் கிளம்பிவிட்டார்.

கீழே சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்றவர் எபநேசர். நாகர்கோவில்காரர், மீன்வலை வியாபாரி, எங்கள் எதிர் ரூமில் தங்கியிருந்தார். "கல்யாணத்துக்கு வந்தவங்க நனையக் கூடாதுக்கா. என் ரூம் ஒழுகல. நீங்க அதுல இருங்க, நான் இதுல படுத்துக்கிடுதேன்" என்றார். சாமான்களை மாற்றிக்கொண்டோம். அந்த மனுஷன் ஈர மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வெறும் தரையில் படுத்தார். அவர் புண்ணியத்தில் நாங்கள் நன்றாகத் தூங்கினோம்.

மாலையோடு திரும்பிய சங்கரபாண்டி, ரூமையே காலி செய்தவள் தாலியையா விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தார். தாலி தாய்மாமன் பொறுப்பு, அண்ணனிடம் பத்திரமாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் கோயில் மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தாயிற்று. செண்பகவல்லி தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

"ஏ செம்பகம், தாலிய எடு."

"உங்கிட்டதானண்ணே இருக்கு."

அடுத்த ஜோடி பின்னால் காத்து நிற்கிறது. "முகூர்த்தம் தப்பிச்சுன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். அந்த நேரம் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார் மேனேஜர், கையில் மஞ்சள் முடிச்சு. கெட்டிமேளம் கொட்டியது. நான் அழுதுவிட்டேன், அதில் வெட்கமில்லை.

நடந்ததை மேனேஜர் வாயாலேயே பிறகு கேட்டோம். விடியும்போது சுவர் வழியாகத் தண்ணீர் இறங்குவதை எபநேசர் பார்த்திருக்கிறார். யார் சாமியாக இருந்தாலும் நனையலாமா என்று படத்தைக் கழற்றியிருக்கிறார். முடிச்சு கீழே விழ, பிரிக்காமல் மேனேஜரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்த ஊரில் மஞ்சள் துணி முடிச்சென்றால் காணிக்கை என்றுதான் யாருக்கும் தோன்றும். யாரோ நேர்ந்து மறந்தது என்று மேனேஜர் அதைக் கோயில் உண்டியலில் சேர்க்கப் புறப்பட்டார். பெருக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் தடுத்தாள்.

"கல்யாணக்காரங்க மொதல்ல இருந்த ரூமுல்லா அது. அவுத்துப் பாருங்கய்யா."

அடுத்தவர் நேர்ச்சையை அவிழ்ப்பது பாவம் என்று மேனேஜர் தயங்கினார். "அந்தப் பாவம் எனக்கு வரட்டும்" என்று அவளே அவிழ்த்தாள். உள்ளே தாலி. ரூம் கேட்டு ஆள் வருகிற நேரம், நீயே ஓடிக் கொடுத்துவிட்டு வா என்றார் மேனேஜர். அவள் முடிச்சைத் திரும்பக் கட்டி அவர் கையில் வைத்தாள். "நான் புருஷனைப் பறிகொடுத்தவ. மணவறைக்கு எதுக்க வரலாமா? நீங்க ஓடுங்க." வந்து நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு அவர் ஓடினார்.

செண்பகவல்லி வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணம் நடக்க யார் காரணமோ அவருக்கே முதல் தாம்பூலம், மணமக்கள் காலில் விழுந்து கொடுக்க வேண்டும். எப்போதும் தாய்மாமனுக்குத்தான் போகும். "தொலைச்சவனுக்கா தாம்பூலம்?" என்று சங்கரபாண்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். லாட்ஜுக்குத் திரும்பினோம். ஓடிவந்தவர் மேனேஜர், அவருக்கே என்றார் சங்கரபாண்டி. நனைந்த ரூமை ஏற்றுக்கொண்டவர் எபநேசர் அண்ணாச்சிதான் என்றான் கதிரவன். முடிச்சை அவிழ்த்தது பேச்சியம்மாள் அல்லவா என்றாள் புதுப்பெண். அந்தப் பேச்சியம்மாளோ மணமக்கள் வாசற்படி ஏறுவதைக் கண்டதும் மாடிப்படிக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

சொல்லுங்கள், இந்த மூவரில் முதல் தாம்பூலம் யாருக்கு?

விடை: மேனேஜர் ஓடியது பெரிது. ஆனால் தன் இடத்தில் அகப்பட்ட பொருளை உரியவரிடம் சேர்ப்பது அவர் கடமை. எபநேசரின் உபகாரத்தை எங்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டோம். ஆனால் அவர் கொடுத்த முடிச்சு உண்டியலுக்குள் போயிருக்கும். பேச்சியம்மாள்தான் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, நல்ல பேரை இன்னொருவர் கையில் கொடுத்தவள். இதை எங்களுக்கு முன்னால் செண்பகவல்லி கண்டுகொண்டாள். தட்டைத் தானே எடுத்துக்கொண்டு, மணமக்களையும் கூட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் பின்னால் போனாள். "நானும்தான் எம்மவன் தாலி கட்டுததப் பாக்காம தூணுக்குப் பின்னால நின்னேன், தாயி. நாம ரெண்டு பேரும் ஒளிஞ்சது போதும். வெளிய வா" என்றாள். பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வாங்கிக்கொண்டாள்.