பெட்டிக்குள் போன ஜாதகம்

முட்டாள்களைத் தேடி நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடலைமிட்டாய்க் கடை மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனி எது என்று கேளுங்கள். கேட்ட ஆள் முதலில் சிரிப்பார், அப்புறம் வழி சொல்வார். மேலே வந்தால் நாலு பேர் இருப்போம். அதில் கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டுகிறவன் நான். பேர் சீனிராஜ்.

முதலாளி ஜெபமணி சார் முன்னே டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினவர். எழுத்துப் பொத்தான் இருந்தால் எல்லாம் ஒரே தொழில்தான் என்று நம்பி இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார். மென்பொருள் எழுதுகிறவன் இசக்கிதுரை. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கிறவள் பேச்சித்தாய். எனக்கு என்ன வேலை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானாகப் போய்ச் சொல்வதும் நல்லா இருக்காது.

எங்களுக்கு வாய்த்த ஒரே வாடிக்கையாளர் வெயிலுகந்தான் அண்ணாச்சி, பார்சல் சர்வீஸ்காரர். பார்சல் போடுகிறவர்களுக்கு ரசீது அடித்துக் கொடுக்க மென்பொருள் கேட்டார். செய்தோம். இசக்கியின் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. அண்ணாச்சியின் சாத்தூர் கிளையில் போட்டால் ஓடவில்லை. விருதுநகரிலும் ஓடவில்லை. இசக்கியைக் கேட்டால், என் மெஷினில் ஓடுதே என்பான். அப்படியானால் அந்த மெஷினையே கொண்டுபோவோம் என்று முடிவு பண்ணினோம். ஒரு பார்சல் வந்தால் நான் லேப்டாப்போடு சாத்தூருக்கு பஸ் ஏறுவேன். நான் போய்ச் சேருவதற்குள் பார்சல் போட்டவர் கையால் எழுதின ரசீதை வாங்கிக்கொண்டு போயிருப்பார், விருதுநகரிலும் ஒரு பார்சல் வந்துவிடும். கம்பெனியில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

அண்ணாச்சி எத்தனை நாள்தான் பொறுப்பார். வருகிற வெள்ளிக்கிழமை எல்லாக் கிளையிலும் ஓடவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி போனால் கம்பெனி போச்சு. கம்பெனி போனால் எங்களை எவனும் சீண்ட மாட்டான். முப்பத்தாறு வயசு, முன்வழுக்கை, ஜாதகத்தில் ஏழாம் இடத்துச் செவ்வாய். இத்தனையோடு வேலையும் இல்லை என்றால் யார் பெண் கொடுப்பார்கள்? வேலை இருக்கும்போதே என் ஜாதகத்தை வாங்கினவர்கள் காபி ஆறுவதற்குள் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

ஜெபமணி சார் சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிற நிரஞ்சனுக்கு போன் போட்டார். அவரிடம் டைப்பிங் படித்த பையன். அவன் விஷயத்தைக் கேட்டு, கன்டெய்னர் என்று ஒன்றைச் சொன்னான். மென்பொருளையும் அது ஓடுவதற்குத் தேவையானதையும் சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியாகக் கட்டிவிட வேண்டுமாம். அந்தப் பெட்டியை எந்தக் கம்ப்யூட்டரில் வைத்தாலும் உள்ளே எல்லாம் ஒன்றுபோல இருக்குமாம். ஓடுகிற பெட்டியில் கை வைக்கக்கூடாது, ஏதாவது மாற்ற வேண்டுமானால் புதுப் பெட்டி கட்ட வேண்டும் என்றும் சொன்னான்.

"இன்னொண்ணு சார்," என்றான். "நீங்க எதை மாத்தினாலும் சோதனை தானா ஓடணும், மனுஷன் கை படக்கூடாது. தப்புன்னு திரையில சிவப்பு வந்தா எல்லாத்தையும் நிறுத்திருங்க. சரின்னு பச்சை வந்தாத்தான் அடுத்த அடி."

நாங்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டோம்.

எது தேவை, எது தேவையில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் லேப்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டோம். சினிமா, பக்திப்பாட்டு, இசக்கியின் தங்கச்சி சடங்கு வீடியோ, ரேஷன் கார்டு நகல், பிரிண்ட் எடுப்பதற்காக எங்க அம்மா அவனிடம் அனுப்பி வைத்த என் ஜாதகம், எல்லாம் உள்ளே போனது. பெட்டி உப்பிவிட்டது. அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் எதிலும் அது அடங்கவில்லை. நிரஞ்சன் தலையில் அடித்துக்கொண்டு, வேண்டாததை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பாருங்கள் என்றான்.

மனுஷன் கை படக்கூடாது இல்லையா? சோதனை தொடங்கினதும் நாலு பேரும் வெளியே வந்து ஆபீஸைப் பூட்டினோம். சாவி நம்மிடம் இருந்தால் கை அரிக்கும் என்று ஜெபமணி சார் அதைக் கடலைமிட்டாய்க் கடையில் கொடுத்து வைத்தார். ஜன்னல் வழியாகப் பார்க்கலாமா என்று ஒரு வாக்குவாதம் வந்தது. பார்ப்பது கண், படக்கூடாதது கை என்று பேச்சி சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொண்டோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தோம்.

சினிமாவை எடுத்தோம், பச்சை. பக்திப்பாட்டை எடுக்க இசக்கிக்கு மனசு வரவில்லை, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்தான். அதற்கும் பச்சை. சடங்கு வீடியோ, ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் பச்சைதான். கடைசியில் என் ஜாதகத்தை எடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தோம்.

ஜன்னலில் சிவப்பு தெரிந்தது.

"நிறுத்துங்க," என்றார் ஜெபமணி சார். நிரஞ்சன் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லியிருந்தானே. பேச்சியின் வாயில் தயிர்சாதம் இருந்தது. அவள் மெல்லாமல் எங்களைப் பார்த்தாள்.

"உள்ள போனது போகட்டும்," என்றான் இசக்கி. "அடுத்த வாய் எடுத்தாத்தான் தப்பு."

வெயில் ஏறியது. கடைக்காரர் மேலே வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் சிலை மாதிரி உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து யாரும் தவறிவிட்டார்களா என்று கேட்டார். பச்சை வராமல் அசைய முடியாது, அசையாமல் பச்சை வராது. இதற்கு ஜெபமணி சார்தான் வழி கண்டுபிடித்தார்.

"லே இசக்கி, பின்னாடி வைக்கிற அடி அடுத்த அடி ஆகாதுல்லா?"

இசக்கி அப்படியே பின்பக்கமாகப் படியேறினான். கடைக்காரர் சாவியை நீட்ட, பின்பக்கமாகவே கதவைத் திறந்து உள்ளே போய், என் ஜாதகத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தான். பச்சை வந்தது. சாப்பிட்டோம்.

எந்தப் பெண் வீட்டிலும் செல்லாத என் ஜாதகம் இல்லாமல் இந்த மென்பொருள் ஓடாது என்று தெரிந்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மையும் தேவை என்று ஒன்று நினைக்கிறதே.

வெள்ளிக்கிழமை எல்லாக் கிளையிலும் பெட்டி ஓடியது. நாங்கள் கேசரி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி போன் பண்ணினார். கணக்கெல்லாம் சரியாக இருக்கிறதாம். "ஆனா ரசீதுல இருக்கிற இந்த மிதுன ராசிக்காரன் யாருவே?" என்று கேட்டார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரசீதின் மூலையில் அண்ணாச்சி கம்பெனியின் முத்திரை வர வேண்டும். முத்திரை கைக்கு வராததால், அந்த இடத்தில் இருக்கட்டும் என்று இசக்கி அன்றைக்கு அகப்பட்ட படத்தைக் கோத்துவிட்டு மறந்திருக்கிறான். அது என் ஜாதகம். மற்ற கம்ப்யூட்டர்களில் அது இல்லை, அதனால் ஓடவில்லை. நாங்களோ ஒரு ரசீதைக்கூடப் பேப்பரில் அடித்துப் பார்க்கவில்லை. பச்சை வந்தால் போதும் என்றுதானே சொன்னார்கள்.

இனி முத்திரையைப் போட்டால் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். ஓடுகிற பெட்டியில் கை வைக்கக்கூடாது என்று விளக்கினோம். அவரும் அதற்குள் களைத்துப்போயிருந்தார், விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் என் ஜாதகத்தின் அடியில் இருந்த நம்பரைப் பார்த்து சாத்தூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பேர் சண்முகக்கனி. நைட்டி தைத்துப் பல ஊருக்கு பார்சல் அனுப்புகிறவள். "உங்க ரசீதுல ஊர் பேர் சரியாத் தெரியல. ஏழுல செவ்வாய் மட்டும் நல்லாத் தெரியுது," என்றாள். "எனக்கும் ஏழுலதான்," என்று சேர்த்துக்கொண்டாள். பத்துப் பொருத்தம் பார்த்ததில் ஆறு வந்தது. எங்க அம்மா அன்றைக்கே முகூர்த்தம் குறித்துவிட்டாள்.

கல்யாணத்தன்று தாலியைக் கையில் வாங்கிவிட்டேன். கனி தலை குனிந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து இசக்கி லேப்டாப்போடு மேடையில் ஏறினான்.

"சீனி, சிவப்பு வந்துட்டுடே."

கல்யாணமானவன் ஜாதகம் ஊர் ஊராகப் போனால் தப்பு என்று பேச்சி சொல்லி, எனக்குக் கல்யாணப் பரிசாக அதை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டி கட்டியிருக்கிறார்கள். ஜெபமணி சார் ஓடிப்போய் நாயனக்காரர் கையைப் பிடித்தார். சிவப்பு வந்தால் எல்லாத்தையும் நிறுத்த வேண்டும். நான் தாலியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றேன். கூட்டத்தில் எங்க அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

கனி நிமிர்ந்து என்ன சங்கதி என்று கேட்டாள். சொன்னேன். இத்தோடு எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்த இடத்துல ஏதோ ஒரு ஜாதகம் இருந்தாப் போதும்லா?" என்றாள். "என்னோடத வைங்க."

வைத்தார்கள். மனுஷன் கை படாமல் இருக்க, லேப்டாப்பை மணவறையில் தனியாக வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் ஐயரோடு கீழே இறங்கி நின்றோம். பச்சை வந்தது. ஏறிப் போய்த் தாலி கட்டினேன்.

இப்போது அண்ணாச்சி பார்சல் போகிற ஊருக்கெல்லாம் என் பெண்டாட்டி ஜாதகம் போகிறது. எடுக்க வழியில்லை, பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் மாப்பிள்ளை வீட்டார் கூப்பிடுகிறார்கள். நேற்று சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பெரியவர், தன் பையனுக்கு ஒன்பது பொருத்தம் இருக்கிறது என்றார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு கனியிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"பையனுக்கு என்ன வேலையாம்?" என்று கேட்டாள்.