எத்தனை பாகம் ஆழம்?

ஏலே, படிக்காத புஸ்தகத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஆழமான ஆளு மாதிரி நடக்குத கூட்டாளிகளா, இது உங்களுக்குத்தான். உக்காந்து கேளுங்க.

எங்க ஊரு கித்தேரியான் அண்ணாச்சிக்குச் சங்கு குளிக்கிறது, அதான் கடலுக்குள்ள முங்கிச் சங்கு எடுக்கிறது, தொழிலு. எங்க தெருப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம் வேணும்னு மனு எழுதிக்கிட்டு தமிழ் மன்றத்துக்குப் போனாரு. கையெழுத்துப் போடவேண்டியது மன்றத் தலைவர் புலவர் அறிவாழியார். ரெண்டு மணி நேரமா மேடையில பேசிக்கிட்டிருந்த மனுசன், மனுவைப் பாத்துச் சிரிச்சாரு.

"முங்குறவனுக்குப் படிப்பகம் எதுக்குவே? சரி, ஆழம் அளக்கத் தெரியும்லா? என் அறிவு எத்தனை பாகம் ஆழம்னு சொல்லும். சரியாச் சொன்னா இந்தச் சபையிலேயே கையெழுத்துப் போடுதேன்."

பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம். கடல்ல ஆழத்தை அப்படித்தான் அளப்போம்.

அண்ணாச்சி அசரல. "ஐயாவை ஊருல என்னன்னு சொல்லுதாவ?"

"தமிழ்க்கடலைக் கரை கண்டவர்னு. பட்டமே குடுத்திருக்காவ."

"அப்போ பாகமே வேண்டாம்யா, முழங்கால் அளவுதான். கரை கண்ணுக்குத் தெரியுத எடத்துல நாங்க சங்கு தேடமாட்டோம்."

சபையே குலுங்கிச் சிரிச்சுது. மறுக்கணும்னா, "நான் கரை கண்டதில்ல"ன்னு புலவரே மைக்குல சொல்லணும். மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாரு.

இன்னைக்கு அந்தப் படிப்பகத்துல எங்க பிள்ளைக படிக்குதுக. வாசல் பலகையில பேரு: 'ஆழம்'.

அன்னைக்கு நானும் சபையிலதான் இருந்தேன். புலவர் பேச்சுல ஒரு வரிகூட எனக்குப் புரியல. ஆனா அவருக்கு மொதல்ல கைதட்டினது நான்தான்.