குப்பண்ணன் வெட்டாத சிப்பாய்

நொச்சிக்காட்டில் முட்டாள்கள் அதிகம் என்று சொல்வார்கள். அது தவறு. அதிகம் என்று சொல்ல வேண்டுமானால் மிச்சம் சிலராவது வேறு மாதிரி இருக்க வேண்டும்.

அந்த ஊர்க் காளியண்ணனுக்கு உலகத்தில் இருந்த ஒரே துணை ஓர் எருமை. அது ஒருநாள் ஓடையைத் தாண்டிப் போய், கரட்டுப்புதூர் ரைஸ்மில்காரர் குப்பண்ணனின் கத்தரித் தோட்டத்தில் காய், பூ, இலை என்று பாகுபாடு பார்க்காமல் மேய்ந்துவிட்டது. குப்பண்ணன் பிடித்துக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து காளியண்ணனுக்குக் கடுங்காப்பி. டம்ளரில் அந்தக் கறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எருமையின் முதுகு ஞாபகம் வந்து, குடிக்காமல் கீழே வைத்துவிட்டு அழுதான்.

குப்பண்ணன் கெட்டவர் இல்லை. செஸ் பைத்தியம், அவ்வளவுதான். கூட ஆட ஆள் கிடைக்காமல் காய்ந்து போயிருந்தார். "நட்டஈடெல்லாம் வேண்டாம். வந்து ஒரு ஆட்டம் ஆடு. ஜெயிச்சா எருமையை ஓட்டிக்கிட்டுப் போ. வெள்ளைக் காயும் உனக்கே" என்றார்.

நொச்சிக்காட்டில் செஸ் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் ஊர்ப் பெரியவர் ராக்கியப்பனுக்குச் சேலத்தில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். அவர் ஆபீசில் செஸ் ஆடுவாராம். ராக்கியப்பன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று, போன் போட்டார்.

மாப்பிள்ளைக்கு மாமனார் ஊரைத் தெரியும். முழு ஆட்டத்தையும் சொல்லித்தர இந்த ஜென்மம் போதாது என்று கணக்குப் போட்டு, காய்கள் எப்படி நகரும் என்பதோடு, யாரும் அதிகம் ஆடாத ஒரு தொடக்கத்தை மட்டும் சொன்னார்.

"ராஜாவுக்கு முன்னாடி நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுங்க மாமா. அவர் ஒரு சிப்பாயைத் தள்ளுவார். உடனே உங்க இடதுபக்கச் சிப்பாய் ஒண்ணை அதுக்கு எட்டுற இடத்துல சும்மா கொண்டுபோய் நிறுத்துங்க. அவர் வெட்டுவார். வெட்டின ஆள் தொலைஞ்சார். அவர் சிப்பாய் ஓரமா ஒதுங்கிடும், நடு இடமெல்லாம் நமக்கு. மேனேஜர் கூப்பிடறார், மிச்சத்தை அப்புறம் கேளுங்க."

ராக்கியப்பன் அப்புறம் கேட்கவில்லை. மாப்பிள்ளையை ஒரு தடவைக்கு மேல் தொந்தரவு செய்வது அந்த ஊரில் வழக்கமில்லை.

சந்தையில் ஒரு செஸ் பலகையும் காய்களும் வாங்கி வந்தார்கள். பயிற்சி தொடங்கியது. தொடங்கியதும் நின்றது. கறுப்புக் காய்க்கு யாரும் உட்காரவில்லை.

"வெட்டின ஆள் தொலைஞ்சார்னு மாப்ளயே சொல்லியிருக்கார். தெரிஞ்சே போய்த் தொலைவாங்களா?" என்றாள் காளியண்ணனின் தங்கை மயிலாத்தாள்.

"எருமைக்காக உட்காரு ஆத்தா" என்றான் காளியண்ணன்.

"கல்யாண வயசுல பொண்ண வச்சிருக்கறேன். ஆத்தாக்காரி தோத்தவள்னு தெரிஞ்சா எவனுங்கண்ணா பொண்ணு கேட்டு வருவான்?"

ராக்கியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். "ரெண்டு பக்கமும் வெள்ளையா இருந்தா, ரெண்டு பக்கமும் ஜெயிக்கலாமல்லோ?"

பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்து, கறுப்புக் காய்களை முக்கி எடுத்துக் காயவைத்தார்கள். அதன் பிறகு பயிற்சி பிரமாதமாக நடந்தது. இருவரும் சிப்பாயைக் கொடுத்தார்கள். கொடுப்பது வெள்ளையின் வேலை என்பதால் ஒருவரும் வெட்டவில்லை. தினமும் எல்லோரும் ஜெயித்தார்கள். யாரை என்பதுதான் தெரியவில்லை.

ஆட்ட நாள் வந்தது. ரைஸ்மில் வாசலில் பலகை விரித்திருந்தார் குப்பண்ணன். அவருடைய காய்கள் கறுப்பாக இருப்பதைப் பார்த்து, பாவம், சுண்ணாம்புக்கு வழியில்லை போலிருக்கிறது என்று காளியண்ணன் நினைத்துக்கொண்டான். முதல் சிப்பாயைத் தள்ளினான். அவரும் ஒன்றைத் தள்ளினார். இவன் இடதுபக்கச் சிப்பாயைக் கொண்டுபோய் எட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டுக் கை கட்டிக்கொண்டான்.

குப்பண்ணன் அதைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். வேறொரு சிப்பாயை நகர்த்தினார்.

"வெட்டுங்க" என்றான் காளியண்ணன்.

"நான் வெட்டலை. இப்ப உன் முறை."

"இல்லீங்க. நீங்க வெட்டணும். அப்புறந்தான் என் முறை."

"வெட்டியே ஆகணும்னு சட்டமா?"

"சட்டம் தெரியாதுங்க. மாப்ள சொன்னாருங்க."

பின்னால் மயிலாத்தாள் குனிந்து, "மாப்ளைக்குப் போன் போட்டு, வெட்டலைன்னா என்ன பண்றதுன்னு கேட்டா என்னுங்க?" என்றாள்.

ராக்கியப்பனுக்கு முகம் வெளுத்தது. "வெட்டுவார்னு மாப்ள தன் வாயால சொல்லியிருக்கார். வெட்டலைன்னு நான் சொன்னா, நீங்க பொய்யர்னு சொன்ன மாதிரி. எம்பொண்ணு அங்க குடும்பம் நடத்த வேண்டாமா?"

நியாயந்தான். எனவே காத்திருந்தார்கள். குப்பண்ணனின் மனைவி சாப்பாடு போட்டாள். பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார்கள். நெல் மூட்டையோடு வந்தவர்கள் மில் எப்போது ஓடும் என்று சத்தம் போட்டார்கள். கொட்டகையிலிருந்து எருமை கத்தியது. காளியண்ணன் பலகையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். ஒரு மனுஷனுக்கு ஒரு சிப்பாயை வெட்ட அப்படி என்ன கஷ்டம்?

"கூச்சப்படாதீங்க, உங்க சிப்பாய் மாதிரி நினைச்சுக்குங்க" என்று மயிலாத்தாள் பந்தியில் உபசரிப்பதுபோல் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணுதானுங்க."

குப்பண்ணனுக்கு முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் சந்தேகம் வந்தது. இத்தனை பேர் இவ்வளவு கெஞ்சினால் அந்தச் சிப்பாயில் ஏதோ இருக்கிறது. விரலைக்கூடப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. வெயில் சாய்ந்ததும் அவரால் தாங்க முடியவில்லை. பலகையைக் கவிழ்த்தார்.

"நான் தோத்துட்டேன் சாமி. எருமையைச் சும்மாவே ஓட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

"சும்மாவா?" என்றார் ராக்கியப்பன்.

மூவரும் உமிக் குவியலுக்குப் பின்னால் போய்க் கூடிப் பேசினார்கள்.

"ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்தே ஆளைத் தொலைக்கலாம்னா, ஒரு முழு எருமையைக் கொடுக்கறவர் எவ்வளவு பெரிய ஆட்டம் போடறார்னு பாருங்க" என்றாள் மயிலாத்தாள்.

"வாங்கினா நான் தொலைஞ்சேனா?" என்றான் காளியண்ணன்.

"எருமை ஓரமா ஒதுங்கிடும்" என்றார் ராக்கியப்பன். "நடு வீடெல்லாம் அவருக்கு."

காளியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாசலுக்கு வந்து கும்பிட்டான். "மன்னிச்சுக்குங்க. நாங்க வெட்டலைங்க."

அவர்கள் போன கையோடு குப்பண்ணன் எருமையை அவிழ்த்து ஓடைப் பக்கம் துரத்திவிட்டார். அதற்கு வழி தெரியும். மறுநாள் காலை காளியண்ணன் கதவைத் திறந்தபோது, மடி கனக்க வாசலில் நின்று அவன் தோளை நக்கியது. பிறகு பந்தலில் இருந்த அவரைக்கொடியை இழுத்துத் தின்னத் தொடங்கியது.

காளியண்ணன் கணக்குப் போட்டான். வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆகவே இது குப்பண்ணனின் எருமை. அடுத்தவர் எருமை நம் அவரைக்கொடியை மேய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு இப்போது தெரியும். பிடித்துக் கட்டினான். கரட்டுப்புதூருக்கு ஆள் அனுப்பினான்: நட்டஈடு வேண்டாம், வந்து ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்து ஓட்டிக்கொண்டு போகவும். வெள்ளைக் காய் உங்களுக்கே. எங்களுக்கும் வெள்ளைதான்.

"பாலையாவது கறந்துக்கலாமுல்லங்கண்ணா?" என்றாள் மயிலாத்தாள்.

"அடுத்தவன் எருமையில பால் கறக்கற பரம்பரையா நாம?" என்று சொல்லிவிட்டு, அதன் முதுகைத் தடவிக்கொண்டே காளியண்ணன் கடுங்காப்பியைக் குடித்தான்.